கம்பெனிக்கு டார்கெட் இருக்கிறது, முதலாளிக்கு? தொழில் செய்பவர்களின் சொந்த இலக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் சேர்த்து 40 மெஷின். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறோம். புதிதாகத் தொழில் தொடங்கியவர்களும், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டிக் களைத்தவர்களும் டீ குடிக்கும் நேரத்தில் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை. சட்டம், வரி என்று வரும் இடங்களில் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தொழில் வளர்ந்தால் நானும் வளரப்போகிறேன். எனக்கென்று தனியாக இலக்கு எதற்கு?

நானும் ஏழெட்டு வருடம் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தொடங்கிய வருடம் டர்ன்ஓவர் 60 லட்சம். ஏழாம் வருடம் 2 கோடி. பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்ட அன்று ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெட்டியைத் திறக்கும் முன்பே மனைவி கேட்டார்: "மூணு மடங்கு ஆயிருச்சுங்கறீங்க, வீட்டுக்குக் குடுக்கறது மட்டும் ஏனுங்க அதே முப்பத்தஞ்சாயிரம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வளர்ந்தது பொய்யில்லை. மெஷின் கூடியது, ஆள் கூடியது, பேங்கில் சிசி லிமிட் (தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் தொழில் கடனின் வரம்பு) 10 லட்சத்திலிருந்து 40 லட்சம் ஆனது. 11 சதவீத வட்டியில் அந்த 40 லட்சத்தையும் எடுத்து ரொட்டேஷனில் விட்டிருந்தேன். வருடத்துக்கு வட்டி 4 லட்சத்து 40 ஆயிரம், அதாவது மாதம் 36 ஆயிரத்துச் சொச்சம். என் வீட்டைவிட பேங்குக்கு நான் மாதாமாதம் அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது அன்று ராத்திரி கால்குலேட்டரை எடுத்த பிறகுதான் தெரிந்தது.

கம்பெனிக்கு டார்கெட் வைக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கும் கம்பெனிக்காரர், டெலிவரி தேதி கேட்பார். பேங்க் மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கேட்கும். ஜிஎஸ்டி 11ஆம் தேதி ஒரு தடவையும் 20ஆம் தேதி இன்னொரு தடவையும் வந்து நிற்கும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க மட்டும் யாரும் வருவதில்லை. யாரும் கேட்காத வேலை தள்ளித் தள்ளிப் போகும். அதனால்தான் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

ஆசைக்கும் இலக்குக்கும் என்ன வித்தியாசம்?

"குடும்பத்தோட நேரம் செலவழிக்கணும்." இது ஆசை. எல்லா முதலாளியும் தீபாவளி போனஸ் கொடுத்து முடித்த மறுநாள் இதைச் சொல்வார்கள்.

"செவ்வாயும் வியாழனும் ராத்திரி ஏழரைக்கு வீட்டில் சாப்பாடு. அன்றைக்கு லோடிங் இருந்தால் சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார், அதற்காக அவருக்கு மாதம் 2,000 ரூபாய் கூடுதல்." இதை இலக்கு என்று ஒத்துக்கொள்ளலாம். கிழமையும் மணியும் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, அதற்கு என்ன விலை கொடுக்கப்போகிறீர்கள் என்பதும் இருக்கிறது. அந்த இரண்டாவது வரியை எழுதும்போதுதான் பலருக்குப் பேனா நிற்கும். நிற்கிறதென்றால் அந்த இலக்கு உங்களுக்கு அவ்வளவாக வேண்டாம் என்று அர்த்தமாக இருக்கலாம். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

"ஐந்து வருடத்தில் நான் எங்கே இருப்பேன்" என்று கண்ணை மூடி யோசிக்கச் சொல்வார்கள். எனக்கு அது வேலைக்கு ஆகவில்லை. கண்ணை மூடினால் தூக்கம்தான் வந்தது.

எனக்கு உதவியது ஒரு பத்து ரூபாய் பாக்கெட் நோட்டு. ஒரு வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை, என்ன வேலை செய்தேன், எத்தனை மணி நேரம் என்று மட்டும் எழுதினேன். அழகாக எழுதவில்லை. "9.10 – 10.30 டையிங் பட்டறை, துணி வரல." "11 – 1 செக் வாங்கப் போய் உக்காந்தது." இந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 81 மணி நேரம். அதில் பாக்கி வசூலுக்கு அலைந்தது மட்டும் 17. லைனில் சும்மா நின்றது 22. நான் நின்றால் பீஸ் கூடுதலாக ஓடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. (ஒரு வாரம் நிற்காமல் இருந்து பார்த்தேன். புரொடக்ஷன் அப்படியேதான் இருந்தது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.) புது ஸ்டைல் வந்தால் சாம்பிள் போட்டு, ஒரு பீசுக்கு எத்தனை நிமிடம் ஆகும், என்ன ரேட் கேட்கலாம் என்று கணக்குப் பார்ப்பதுதான் எனக்கு நன்றாக வரும் வேலை, பிடித்த வேலையும். அதற்குக் கிடைத்தது 4 மணி நேரம்.

எதைக் குறைக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே இருந்தது. என் முதல் இலக்கு அங்கிருந்து வந்தது: வசூல் 17 மணியிலிருந்து 6க்கு இறங்க வேண்டும், சாம்பிள் 4லிருந்து 12க்கு ஏற வேண்டும், ஒரு வருடத்துக்குள். வசூல் 8 வரைக்கும் வந்தது. 6 ஆகவில்லை.

முதலாளி சம்பளம் எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. கணக்கில் அதற்குப் பெயர் மட்டும் மாறும். உங்களுடையது தனி உரிமையாளர் நிறுவனம் என்றால், நீங்கள் எடுப்பது டிராயிங்ஸ். உங்களுக்கு நீங்களே கொடுக்கும் சம்பளத்தை வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பார்ட்னர்ஷிப் என்றால், பத்திரத்தில் எழுதியிருந்தால், வரிச் சட்டத்தின் வரம்புக்குள் வேலை செய்யும் பார்ட்னருக்குச் சம்பளம் போடலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் டைரக்டர் சம்பளம். பெயர் எதுவானாலும், மாதம் ஒரே தேதியில் ஒரே தொகை வீட்டு அக்கவுண்டுக்குப் போக வேண்டும்.

எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? கம்பெனி எவ்வளவு தாங்கும் என்று தொடங்காதீர்கள். வீட்டிலிருந்து தொடங்குங்கள். என் கணக்கை அப்படியே தருகிறேன். மளிகை, கரண்ட், கேஸ் எல்லாம் சேர்த்து 22,000. பள்ளிக்கூட பீஸ் வருடம் 96,000, மாதத்துக்கு 8,000. இன்சூரன்ஸ் வருடம் 36,000, மாதத்துக்கு 3,000. அப்பா அம்மா மருந்து 4,000. பெட்ரோல், போன், மொய் 5,000. சேமிப்பு 8,000. ஆக 50,000.

இதில் மொய்யை யாரும் எழுதுவதில்லை. ஆவணியிலும் தையிலும் ஒரே வாரத்தில் நான்கு கல்யாணப் பத்திரிகை வரும்போது கல்லாவிலிருந்து எடுத்துக்கொண்டு போவோம். அப்புறம் சனிக்கிழமை சம்பளத்துக்குத் துண்டு விழும்.

50,000 என்று தெரிந்ததும் கேள்வி நேராகிவிட்டது. கம்பெனியால் 50,000 கொடுக்க முடியுமா? முடியாதென்றால் ரேட் தப்பு, அல்லது பார்ட்டி தப்பு, அல்லது தொழிலே தப்பு. அதுவரைக்கும் 35,000 எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மனைவியின் நகையிலும் கிரெடிட் கார்டிலும் சமாளித்துக்கொண்டு, கம்பெனி லாபத்தில் ஓடுவதாக நம்பிக்கொண்டிருந்தேன். முதலாளியின் கூலியைக் கழிக்காமல் பார்த்தால் எந்தக் கடையும் லாபத்தில்தான் ஓடும்.

பணம் வரும்போது எடுத்துக்கொண்டால் போதாதா?

போதாது. வரும்போது கூடுதலாக எடுப்போம். வராதபோது வீட்டில் சண்டை போடுவோம்.

பார்ட்டியிடமிருந்து பணமே வரவில்லை. இதில் எங்கே சொந்த இலக்கு வைப்பது?

இந்த ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2006ஆம் வருட சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்படி, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளருக்கோ சேவை செய்பவருக்கோ அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2023-24 கணக்கு வருடத்திலிருந்து இன்னொன்று வந்தது. 43பி(எச்) என்று ஊரெல்லாம் பேசிய வருமான வரி விதி. இந்தக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், அந்தத் தொகையை உண்மையில் கொடுக்கும் வருடத்தில்தான் வாங்கியவர் செலவாகக் காட்டலாம். கொடுக்காமல் இழுத்தால் அவருக்கு வரி கூடும். 2024 மார்ச் மாதத்தில் என் போனுக்குப் பார்ட்டிகளின் கணக்குப்பிள்ளைகள் தாங்களாகவே கூப்பிட்டார்கள். "உங்க உத்யம் நம்பர் என்னங்க?"

இனி நடைமுறை. பணம் தராத பார்ட்டி மீது அரசின் இணையதளத்தில் புகார் போடலாம். போட்டால் அந்தப் பார்ட்டியின் அடுத்த ஆர்டர் வராது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே ஒரு பார்ட்டியை நம்பியிருப்பவருக்குச் சட்டம் இருந்தும் பயனில்லை. என் யூனிட்டில் ஒரு காலத்தில் 70 சதவீத வேலை ஒரே கம்பெனியிலிருந்து வந்தது. பேர் வேண்டாம். பணம் 120 நாள், 150 நாள் என்று இழுத்தது. அந்த ஆபீஸ் வரவேற்பறையில் பழைய வாரப் பத்திரிகை எல்லாவற்றையும் படித்து முடித்திருக்கிறேன்.

அப்போது எழுதிய இலக்கு: இரண்டு வருடத்தில் எந்தப் பார்ட்டியும் 35 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்பதற்குக் கம்பெனி இலக்கு மாதிரிதான் இருக்கும். எனக்கு அது சொந்த இலக்குதான். ஏனென்றால் நான் வாங்க நினைத்தது இன்னொரு பார்ட்டியை இல்லை, "இந்த ரேட்டுக்கு முடியாதுங்க" என்று சொல்லும் தைரியத்தை. இரண்டு வருடத்தில் 40 சதவீதத்துக்கு இறங்கியது. டர்ன்ஓவர் ஒரு வருடம் குறைந்தது. வீட்டுக்கு 50,000 போனது.

வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. இதற்கு இலக்கு வைக்க முடியுமா?

நிச்சயமாக. இதைவிட அர்த்தமுள்ள இலக்கு எனக்குத் தெரியாது. "இன்ன வருடம் இன்ன மாதத்துக்குள் பத்திரம் பீரோவுக்குத் திரும்ப வேண்டும்." மனசுக்கு உடனே புரியும் வாசகம்.

வழிகள் இருக்கின்றன. சிஜிடிஎம்எஸ்இ என்ற மத்திய அரசு உத்தரவாத அமைப்பு 2000ஆம் வருடத்திலிருந்து இருக்கிறது. குறு, சிறு தொழில் கடனுக்கு அது வங்கிக்கு உத்தரவாதம் தரும். அதனால் சொத்து அடமானம் இல்லாமலும் கடன் கிடைக்கும். வருடாவருடம் உத்தரவாதக் கட்டணம் உண்டு. மேனேஜர் முதல் தடவை கேட்கும்போதே சரி என்று சொல்லமாட்டார். லிமிட் புதுப்பிக்கும் நேரம் பார்த்து, மூன்று வருட பேலன்ஸ் ஷீட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், தவணை தவறாத கணக்கு எல்லாம் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். லிமிட்டை ஏற்றுவதற்குக் கேட்பதை நிறுத்திவிட்டு, பத்திரத்தை விடுவிக்கக் கேட்டால் பேச்சே வேறு மாதிரி போகும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தனி உரிமையாளருக்கும் கம்பெனிக்கும் சட்டத்தில் பிரிவே கிடையாது. கம்பெனிக் கடன் உங்கள் கடன்தான். பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவரும் பேங்கில் பர்சனல் கேரண்டி (கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்ற உறுதி) கையெழுத்து போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் போட்டிருப்பார்.

டேர்ம் இன்சூரன்ஸ் (நாம் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் பாலிசி) எடுக்கப்போகிறீர்கள் என்றால், திருமணமான ஆண்கள் ஏஜெண்டிடம் 1874ஆம் வருட மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று கேளுங்கள். மனைவி, பிள்ளைகள் பேரில் அப்படி எடுத்த பாலிசிப் பணம் அவர்களுக்கான அறக்கட்டளைச் சொத்து போல நிற்கும். கடன்காரரை ஏமாற்ற எடுத்தது என்று நிரூபணமானால் ஒழிய, கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. விண்ணப்பத்தோடு ஒரு படிவம் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் பாலிசி எடுக்கும்போதே செய்ய வேண்டும். நான் முதல் பாலிசியை இது தெரியாமல் எடுத்தேன்.

வெளியிலிருந்து அடி விழுந்தால் இலக்கெல்லாம் என்ன ஆகும்?

விழும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் கழிவு கலந்ததுதான் காரணம், அதில் நம் ஊர்க்காரர்களுக்கு நியாயம் பேச இடமில்லை. ஆனால் சாயம் இல்லையென்றால் கட்டிங் இல்லை, தையல் இல்லை, செக்கிங் இல்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி பழைய நோட்டு செல்லாது என்றார்கள். அடுத்த சனிக்கிழமை வாரச் சம்பளம். 2020 ஊரடங்கு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய மாதம் யாரோ ஒருவர் "அடுத்த வருஷம் டபுள்" என்று நோட்டில் எழுதியிருப்பார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, மேலே ஒரு எண் வைப்பதற்கு முன் கீழே ஒரு எண் வைக்க வேண்டும் என்பது. என் கீழ் எண்: ஆறு மாத வீட்டுச் செலவு, 3 லட்சம், தனி பேங்கில், செக் புத்தகம் இல்லாத அக்கவுண்டில். சேர்க்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு தடவை உடைத்தேன், ஒரு தடவை கம்பெனி சம்பளத்துக்கு, ஒரு தடவை மைத்துனர் கல்யாணத்துக்கு. மூன்றாவது தடவைதான் நின்றது.

அண்ணா, எனக்கு 26 வயதுதான். இப்போதே இதெல்லாம் யோசிக்க வேண்டுமா? இப்போது உழைத்தால்தானே உண்டு?

உழையுங்கள் தம்பி. 26 வயதில் நானும் யூனிட்டிலேயே தூங்கினேன், நன்றாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் எழுதி வையுங்கள்: இந்த ஓட்டம் எந்தத் தேதி வரை. "30 வயதில் யூனிட்டில் தூங்க மாட்டேன்" என்றாவது இருக்கட்டும். தேதி போடாத தற்காலிகம் நிரந்தரமாகிவிடும். அப்புறம், பிபிஎஃப் என்ற அரசு நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு ஒன்றை இன்றைக்கே 500 ரூபாய் போட்டுத் திறந்து வையுங்கள். 15 வருடக் கெடு தொடங்கிவிடும். பெரிய தொகை பின்னால் போட்டுக்கொள்ளலாம், வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரை.

தொழில் செய்பவருக்கு ஓய்வு வயது என்று ஒன்று உண்டா?

யாரும் சொல்லமாட்டார்கள். நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நமக்கு பிஎஃப் பிடிக்க ஆள் கிடையாது, பென்ஷன் கிடையாது. "கம்பெனிதான் என் பென்ஷன்" என்பவர்களிடம் கேட்கிறேன், இன்றைக்கு உங்கள் யூனிட்டை விற்றால் என்ன வரும்? பழைய ஓவர்லாக் மெஷின் என்ன விலைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாதா? ஜாப் ஒர்க் யூனிட்டின் மதிப்பு முதலாளியின் போன் நம்பரில் இருக்கிறது. அவர் நின்றால் அதுவும் நின்றுவிடும். ஆகவே பிபிஎஃப், என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம், எதுவாவது ஒன்று கம்பெனிக்கு வெளியே சேர வேண்டும். கம்பெனியிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பதைச் சேமிப்பாக நான் எண்ணுவதில்லை.

ஓய்வு என்றால் சும்மா உட்காருவது என்றும் இல்லை. மதுரை டாக்டர் கோ. வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்தக் கையோடு கண் அறுவை கற்றுக்கொண்டவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் வைத்த இலக்கில் படுக்கை எண்ணிக்கையோ வருமானமோ இல்லை. தவிர்க்கக் கூடிய பார்வையிழப்பைப் போக்க வேண்டும் என்பதுதான். பணம் கட்ட முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்தார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாதபோது 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே லென்ஸ் செய்தார்கள். லென்ஸ் தொழிற்சாலை வைப்பது அவருடைய ஐந்தாண்டுத் திட்டத்தில் இருந்திருக்குமா, சந்தேகம்தான். எதற்காக என்பது தெளிவாக இருந்தால் எப்படி என்பது வழியில் மாறிக்கொள்ளும்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த மாதிரி பெரிய கதைகளைக் கேட்டுவிட்டு, வாரச் சம்பளத்துக்கே தடுமாறும் நாம் உலகத்தை மாற்றும் இலக்கு எழுதக் கூடாது. அவருக்கு அதற்கு முன்னால் பல வருட அரசு மருத்துவ அனுபவம் இருந்தது.

எனக்குப் பிடித்த வேலையை நான் இப்போது செய்வதே இல்லை. மெஷினை விட்டு ஆபீசுக்கு வந்துவிட்டேன். இது சரிதானா?

கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்ட கேள்வி. அவர் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்தால் முகமே மாறும். ஆனால் 12 பேர் வேலைக்கு வந்த பிறகு அவர் செய்வதெல்லாம் கொட்டேஷன், பேங்க், ஆள் பஞ்சாயத்து.

வளர்ந்தால் இப்படித்தான், முதலாளி என்றால் மேனேஜ்மெண்ட்தான் என்று சொல்வார்கள். கட்டாயமில்லை. ஜோஹோ சாஃப்ட்வேர் கம்பெனியின் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் தலைமை நிர்வாகி பதவியை விட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சி வேலைக்குப் போனார். அதற்கு முன்பே தென்காசிப் பக்கம் கிராமத்துக்குக் குடிபோயிருந்தார். அவ்வளவு பெரிய கம்பெனியின் நாற்காலியையே ஒருவர் மாற்றிக்கொள்ள முடிகிறது என்றால், 12 பேர் பட்டறையில் ஏன் முடியாது?

நண்பர் என்ன செய்தார் என்றால், பாலிடெக்னிக் முடித்து ஆறு வருடமாக அங்கேயே இருந்த பையனை ஆபீசுக்குக் கொண்டுவந்தார். கொட்டேஷன் போடக் கற்றுக்கொடுத்தார். முதல் மூன்று மாதம் இரண்டு கொட்டேஷனில் நஷ்டம் வந்தது. ஒன்றில் மெட்டீரியல் விலையைச் சேர்க்கவே மறந்துவிட்டான். நண்பர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். இப்போது காலை 8 முதல் 12 வரை நண்பர் மெஷினில். அந்த நான்கு மணி நேரம் போன் பையன் கையில்.

அவர் தன் இலக்காக எழுதியது நாலே வார்த்தை: "காலையில் மெஷின், மதியம் ஆபீஸ்."

நான் வீட்டிலேயே பொடி, ஊறுகாய் செய்து விற்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும், இன்னும் கறாராகப் பொருந்தும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களிடம் நான் பார்த்தது, கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மிளகாய் விலை, மல்லி விலை, அரைவைக் கூலி, பாக்கெட், கூரியர் எல்லாம் இருக்கும். வறுத்த மூன்று மணி நேரம் இருக்காது. "வீட்டுல சும்மா இருக்கற நேரந்தானுங்க" என்பார்கள். எந்த வீட்டில் எந்தப் பெண் சும்மா இருக்கிறார்?

உங்களுக்கு நான் சொல்வது இரண்டு. மணிக்கு இவ்வளவு என்று உங்கள் கூலியைப் போட்டு, அது வரும்படி விலை வையுங்கள். அந்தப் பணம் உங்கள் பேரில் மட்டும் உள்ள அக்கவுண்டுக்குப் போகட்டும். வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து கொடுக்கலாம், ஆனால் நீங்கள் கொடுத்ததாகக் கொடுங்கள். கல்லாவும் அரிசி டப்பாவும் ஒன்றாக இருக்கும் வரை எந்த இலக்கும் நிற்காது.

உடம்பைப் பற்றியும் இலக்கு வைக்க வேண்டுமா?

மெஷினுக்கு வாரா வாரம் எண்ணெய் போடுகிறோம். சர்க்கரை டெஸ்ட் எடுத்து எத்தனை வருடம் ஆகிறது? பிறந்த நாளுக்கு மறுநாள் லேபுக்குப் போவது என்று ஒரே வரி எழுதுங்கள், போதும். ஆறு கிலோ குறைப்பேன், மாரத்தான் ஓடுவேன் எல்லாம் பிறகு.

ஒரு நேரத்தில் எத்தனை இலக்கு?

மூன்று. பணத்தில் ஒன்று, நேரத்தில் ஒன்று, மூன்றாவது உங்கள் இஷ்டம்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பது?

அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டும் தேதிகளில். ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. அந்த நாட்களில் எப்படியும் இந்த வருடம் எவ்வளவு சம்பாதிப்போம் என்று ஆடிட்டர் உட்கார வைத்துக் கேட்பார். கணக்கு கையில் இருக்கும், மனதும் கொஞ்சம் பயந்து நிதானமாக இருக்கும். அதே நாளில் அந்த மூன்று வரியையும் எடுத்துப் படிக்கலாம். ஜனவரி 1ஆம் தேதி உறுதிமொழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு ஷிப்மெண்ட் அவசரம் இருக்கும்.

பையன் தொழிலுக்கு வரமாட்டேன் என்கிறான். இனி யாருக்காக இலக்கு?

அவனுக்காகத்தான் இதுவரை செய்தீர்கள் என்றால், அவனிடம் கேட்டுவிட்டா தொடங்கினீர்கள்? இந்த வார்த்தை கடுமையாகப் படலாம். என் அப்பாவும் நான் தறி ஓட்டுவேன் என்றுதான் நினைத்தார். நான் வரவில்லை. அவர் தறியை விற்ற அன்று நான் ஊரில் இல்லை என்பது இன்றும் உறுத்தும். பையன் வரவில்லை என்பது முடிவாகிவிட்டால், யூனிட்டை யாரிடம், எந்த வருடம், எப்படிக் கைமாற்றுவது என்பதே நல்ல இலக்கு. பத்து வருடம் கூட இருந்த சூப்பர்வைசருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு கொடுத்துக் கைமாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

வைத்த இலக்கை நடுவில் விட்டுவிடலாமா?

தாராளமாக. சொந்தக் கட்டடம் கட்ட வேண்டும் என்று நான்கு வருடம் எழுதி வைத்திருந்தேன். ஒரு செப்டம்பரில் எடுத்துப் படித்தபோது தெரிந்தது, அது என் ஆசையே இல்லை. பக்கத்து யூனிட்காரர் கட்டினார், அதனால் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டேன். வாடகைக் கட்டடத்தில் கூரை ஒழுகுகிறது, ஓனரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அது வேறு.

உங்களுடைய இப்போதைய இலக்கு என்ன?

பணத்தில், 2028 மார்ச்சுக்குள் வீட்டுப் பத்திரம். நேரத்தில், சனிக்கிழமை சாயங்காலம். பதினான்கு வருடமாகச் சனிக்கிழமை சம்பளம் என் கையால்தான். நோட்டை எண்ணி, கவரில் போட்டு, பேர் எழுதி, மீதிச் சில்லறைக்கு மளிகைக் கடைக்கு ஓடி, எல்லோரும் போகும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிடும். இப்போது பாதிப் பேருக்கு பேங்கில் போகிறது. மீதிப் பேருக்கு சூப்பர்வைசர் கொடுக்கிறார்.

மூன்றாவது, நீச்சல். ஊர்க் கிணற்றில் பழகியது, இருபது வருடமாகிவிட்டது. மகளுக்குச் சனிக்கிழமை ஆறு மணிக்குக் கிளாஸ், நானும் கூடவே போய் இறங்குகிறேன்.

போன வாரம் மூன்றாவது சனிக்கிழமை. ஆறே காலுக்குத் தலையைத் துவட்டிக்கொண்டு போனைப் பார்த்தால் சூப்பர்வைசரிடமிருந்து ஐந்து மிஸ்டு கால். கூப்பிட்டேன். "ஒண்ணுமில்லீங்கண்ணா, ஒரு கவர்ல நூறு ரூவா கம்மியா இருந்துச்சு, நானே போட்டுக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை பாத்துக்கலாங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் இறங்கினேன்.